நல்ல பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் - இளைஞர் சந்திப்பில் ஆலயச் செயலவை உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிந்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களில் சிலர் என்னிடம் பிரம்படியும் வாங்கியிருப்பீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, பயிற்றுநர் என்பவர் யார், அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதாகும். விளையாட்டுத் திடலில் விசில் ஊதும் பயிற்றுநரைப் பற்றி நான் பேச வரவில்லை. 'கோச்சிங்' என்ற பெயரில் இப்போது வாழ்க்கைக்கும் வேலைக்கும் படிப்புக்கும் வழிகாட்டுவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது என்னுடைய தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பேச்சாளர் நம் செயலவையை அணுகினார். இளைஞர்களுக்கு இலவசமாகத் தன்முனைப்பு உரை நிகழ்த்துவதாகச் சொன்னார். நல்ல உடை, நல்ல தமிழ், கையில் பல சான்றிதழ்களின் நகல்கள். அன்னதானத்திற்கு 500 ரிங்கிட் நன்கொடையும் கொடுத்தார். கூட்டத்தில் அவருக்கு மண்டபத்தைக் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தவன் நான்தான். ஆலய வாசலில் அவருடைய படம் போட்ட பதாகை கட்டினோம். அன்று மாலை அவர் இரண்டு மணி நேரம் பேசினார். கைதட்டல் மண்டபத்தை அதிரச் செய்தது. முடிவில் பின்வரிசையில் மேசை போட்டு, தங்கும் விடுதியில் நடக்கவிருந்த மூன்று நாள் பயிற்சிக்குப் பெயர் எழுதத் தொடங்கினார்கள். கட்டணம் 3,800 ரிங்கிட்.

கணவரை இழந்த ஒரு தாய், தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்பவர், என்னிடம் வந்தார். அவருடைய மகன் அந்த ஆண்டு எஸ்.பி.எம். தேர்வில் சான்றிதழ் பெறத் தவறியிருந்தான். "சார், கட்டலாமா?" என்று கேட்டார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நல்லதுதானேம்மா, பிள்ளைக்காகத்தானே" என்று சொல்லிவிட்டேன். அவர் தம் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தாலும் அது இரண்டு மாதச் சம்பளத்திற்கும் அதிகம்.

பையன் போய் வந்தான். அங்கே பாட்டுப் போட்டு ஆடச் சொன்னார்களாம், பலகையைக் கையால் உடைக்கச் சொன்னார்களாம், கண்ணை மூடிக்கொண்டு கோடீசுவரனாகத் தன்னைக் கற்பனை செய்யச் சொன்னார்களாம். மூன்றாம் நாள் மாலை, அடுத்த நிலைப் பயிற்சிக்கு 8,000 ரிங்கிட் கட்டச் சொன்னார்களாம். கட்ட வழியில்லை என்று சொன்னபோது, "உன் மனத்தில் உறுதி இல்லை, அதனால்தான் நீ தோற்றாய்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாரம் உற்சாகமாகத் திரிந்த பையன், பிறகு அறைக்குள் முடங்கிவிட்டான்.

நான் அந்தத் தாயைப் பார்க்கப் போனேன். அவர் கோபப்படவில்லை. "சார், நீங்க சொன்னீங்கன்னுதான் கட்டினேன்" என்று மட்டும் சொன்னார். இத்தனை ஆண்டு ஆசிரியர் பணியில் அதைவிட வலித்த சொல்லை நான் கேட்டதில்லை.

பணத்தைத் திரும்பப் பெற முயன்றோம். அவர்கள் கொடுத்த ரசீதில் நிறுவனப் பதிவு எண் இல்லை, முகவரியும் இல்லை. தொலைபேசி எண் மாறிவிட்டது. அடகில் இருந்த சங்கிலி மீளவில்லை. நமக்கு வந்த 500 ரிங்கிட்டுக்கு நாம் கொடுத்தது நம் ஆலயத்தின் நற்பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் மக்கள் மேசைக்கு முன் வரிசையில் நின்றார்கள்.

அதன் பிறகுதான் இந்தத் துறையைப் பற்றிப் படிக்கவும் விசாரிக்கவும் தொடங்கினேன். இத்துறையில் நல்லவர்களும் இருக்கிறார்கள், நல்ல முறையும் இருக்கிறது. ஒரு போலியைக் கண்டு முழுத் துறையையும் ஒதுக்கிவிடக்கூடாது என்பதாலேயே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

'கோச்' என்ற சொல்லுக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. அங்கேரி நாட்டில் கோச் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே செய்யப்பட்ட வசதியான குதிரை வண்டிகளுக்கு ஊரின் பெயரே நிலைத்து, ஐரோப்பிய மொழிகளில் பரவியது. பின்னர் 1830-களில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக மாணவர்கள், தங்களைத் தேர்வு என்னும் ஆற்றைக் கடக்க வைக்கும் தனி ஆசிரியரை வேடிக்கையாக அவ்வாறு அழைத்தார்கள். ஏறியவர் போக விரும்பும் இடத்திற்கு அவரைக் கொண்டு சேர்ப்பது வண்டியின் வேலை. எங்கே போவது என்பதை வண்டி முடிவு செய்வதில்லை. இந்தச் சொல்லின் உட்பொருள் இதுதான்.

இன்றைய கோச்சிங் முறைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் அமெரிக்க டென்னிஸ் பயிற்றுநர் திமோத்தி கால்வே. அவர் 1974-இல் வெளியிட்ட நூலில், ஆட்டக்காரருக்கு எதிரில் நிற்கும் போட்டியாளரைவிட அவருக்குள்ளே இருக்கும் சந்தேகமும் பயமுமே பெரிய தடை என்று காட்டினார். மேலும் மேலும் கட்டளையிடுவதைவிட, ஆட்டக்காரர் தாமே கவனிக்கும்படி செய்தால் விரைவாகக் கற்கிறார் என்பது அவர் கண்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த சர் ஜான் விட்மோர் இந்த முறையை அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொண்டு சென்றார். அவருடைய நூல் 1992-இல் வெளிவந்தது. 1995-இல் அமெரிக்காவில் அனைத்துலகப் பயிற்றுநர் சம்மேளனம் தொடங்கப்பட்டது.

இந்த முறை நான்கு படிகளைக் கொண்டது. உனக்கு என்ன வேண்டும் என்பது முதற்படி. இப்போது நீ எங்கே நிற்கிறாய் என்பது இரண்டாம் படி. என்னென்ன வழிகள் உள்ளன என்பது மூன்றாம் படி. எதைச் செய்யப் போகிறாய், எப்போது செய்யப் போகிறாய் என்பது நான்காம் படி. பயிற்றுநர் கேட்பார், வந்தவர் சிந்தித்துச் சொல்வார். முடிவும் செயலும் வந்தவருடையவை.

இதை நம் தோட்டத்து அனுபவத்தைக் கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். என் தாயார் பால் மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே, குளிர் இருக்கும்போதே மரத்தடிக்குப் போய்விடுவார். புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு அவர்தான் பழக்கிக் கொடுப்பார். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் மரம் காயப்படும், புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். என் தாயார் பக்கத்தில் நின்று, "இப்ப பாரு, பால் எங்க நிக்குது? ஏன் கோட்டை விட்டு வழியுது?" என்று கேட்பார். அந்தப் பெண்ணே பார்த்து, கோட்டின் சாய்வைத் திருத்திக் கொள்வாள். கத்தியை என் தாயார் பிடுங்கி வெட்டியதில்லை. கத்தி கற்பவர் கையில் இருக்கும் வரைதான் அது பயிற்சி. பிடுங்கி வெட்டிக் கொடுத்தால் அன்றைய பால் கிடைக்கும், மறுநாள் அந்தப் பெண்ணுக்குத் தொழில் தெரியாது.

எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் அறிந்திருந்த அந்தப் பாடத்தை, பயிற்சிக் கல்லூரிக்குப் போன நான் வகுப்பறையில் பல நாள் மறந்திருக்கிறேன். மாணவன் யோசிப்பதற்குள் விடையைக் கரும்பலகையில் எழுதிவிடும் அவசரம் எனக்கு இருந்தது.

அன்பர்களே, பல வகை உதவியாளர்களை நாம் ஒன்றாகக் குழப்பிக் கொள்கிறோம். அவர்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

கணக்கு விளங்காத பிள்ளைக்குத் தேவை பாடம் சொல்லித்தரும் ஆசிரியர். அந்தப் பிள்ளைக்குத் தன்முனைப்பு உரை கேட்பதால் கணக்கு வராது. தன்முனைப்புப் பேச்சாளர் நூறு பேருக்கு ஒரே உரையை ஆற்றுகிறார். அதில் தவறில்லை, ஆனால் உங்கள் பிள்ளையின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆலோசகர் என்பவர் ஒரு துறையில் தமக்குள்ள அறிவைக் கொண்டு இதைச் செய்யுங்கள் என்று சொல்பவர். வழிகாட்டி என்பவர் அதே பாதையில் முன்னே நடந்து போன மூத்தவர். பயிற்றுநர், குறிப்பிட்ட ஓர் இலக்கை நோக்கிச் சில மாத காலம் ஒருவரோடு நடந்து, கேள்விகளால் அவரைத் தெளிவுபெறச் செய்பவர்.

இவர்கள் எவரும் மனநல ஆலோசகருக்கு மாற்று ஆகமாட்டார்கள். உறங்காமல், உண்ணாமல், பேசாமல் ஒடுங்கிவிட்ட பிள்ளைக்கும், உயிரை வெறுத்துப் பேசும் பிள்ளைக்கும் பயிற்றுநர் போதாது. அங்கே மருத்துவரும் பதிவு பெற்ற ஆலோசகரும் தேவை. நம் நாட்டில் ஆலோசகர் தொழிலுக்கு 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், அதாவது சட்டம் 580, இருக்கிறது. பதிவு பெறாமல் அந்தப் பெயரில் தொழில் நடத்த முடியாது. கோச்சிங் தொழிலுக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. இன்று காலையில் பெயர் அட்டை அச்சடித்தவரும் மாலையில் பயிற்றுநர் ஆகிவிடலாம். அதனால்தான் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது.

இனி அந்தப் பையனின் கதைக்கு வருகிறேன். நம் ஆலயத்திற்கு வரும் ஒரு பெரியவர், இளமையில் தோட்டத்துப் பட்டறையிலும் பிறகு தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதிய தொழிலாளர்களைப் பழக்கும் பொறுப்பில் இருந்தபோது, நிறுவனத்தின் செலவில் கோச்சிங் பயிற்சி பெற்றவர். அவரிடம் என் மனக்குறையைச் சொன்னேன். "பையனுக்கு விருப்பம் இருந்தா மட்டும் வரச் சொல்லுங்க சார்" என்றார். ஆறு சனிக்கிழமைகள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம், இதே மண்டபத்தின் பின்கட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். பையன் அனுமதித்ததால் முதல் நாள் மட்டும் நானும் ஓர் ஓரமாக இருந்தேன். அதை இங்கே சொல்வதற்கும் பையனிடமும் தாயாரிடமும் அனுமதி பெற்றிருக்கிறேன்.

"என்ன வேணும் தம்பி உனக்கு?" என்று கேட்டார்.

"நல்லா வரணும் அங்கிள்."

"நல்லா வர்றதுன்னா? அடுத்த வருஷம் இதே மாசம் நீ எங்க நிக்கணும்?"

பையன் வெகு நேரம் யோசித்தான். மோட்டார் பட்டறைத் தொழிலை முறையாகப் படிக்க வேண்டும் என்றான். நான் அவனுக்குப் பாடம் சொன்னவன். அவனுக்கு அப்படி ஓர் ஆசை இருந்தது எனக்குத் தெரியாது.

"சரி, இப்ப எங்க நிக்கிறே?"

"சரித்திரம் போயிருச்சு அங்கிள். சர்ட்டிபிகேட் இல்ல."

"மத்த பாடமெல்லாம்?"

"பாஸ்."

"அப்ப போனது எத்தனை பாடம்?"

பையன் தலை நிமிர்ந்தான். "ஒண்ணு" என்றான். 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய் மொழியோடு சரித்திரமும் கட்டாயத் தேர்ச்சிப் பாடமாக இருக்கிறது. ஒரு பாடத்தில் தவறியவனுக்கு, நீ வாழ்க்கையில் தோற்றவன் என்று 3,800 ரிங்கிட் வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள்.

சரித்திரத்தில் எது கடினம் என்று பெரியவர் கேட்டார். மெல்ல மெல்ல வெளிவந்தது. ஐந்தாம் படிவத்தில் அவன் இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்திருக்கிறான். வகுப்பில் தூங்கியிருக்கிறான். மலாய் மொழியில் நீண்ட விடை எழுதப் பழகவில்லை. என்னென்ன செய்யலாம் என்று கேட்டபோது அவனே நான்கு வழிகள் சொன்னான். இரவு வேலையைப் பகலுக்கு மாற்றிக் கேட்பது, மறுதேர்வுக்குப் பதிவு செய்வது, பழைய பள்ளி ஆசிரியரைப் போய்ப் பார்ப்பது, நாளுக்கு ஒரு விடை எழுதிப் பழகுவது. "இதுல எதை இந்த வாரம் செய்வே? எந்தக் கிழமை? எத்தனை மணிக்கு?" என்று கேட்டு, அவன் கையாலேயே எழுத வைத்தார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் பெரியவர் ஒருமுறைகூட அறிவுரை சொல்லவில்லை. நான் இருந்திருந்தால் பத்து முறை சொல்லியிருப்பேன். பையன் மறுதேர்வில் தேறினான். இப்போது அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் தொழில் படிக்கிறான். பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வேண்டியது நடந்தது.

இதைப் பார்த்த பிறகு எனக்கு ஓர் உண்மை உறைத்தது. 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நம் மாவட்டத்துத் தெனமாரத்தில்தான் உருவானது. ரப்பர் போய்ச் செம்பனை பரவியபோது பால் வெட்டிய கைகள் குலை அறுக்கப் பழகின. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தில் இருந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. இத்தனை மாற்றத்திலும் நமக்கு உத்தரவு போட ஆள் இருந்தார்கள். துரை இருந்தார், கிராணி இருந்தார், தண்டல் இருந்தார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆள் இல்லை. உத்தரவுக்குப் பழகிய சமூகம், மேடையில் உரத்த குரலில் பேசுகிறவரைக் கண்டதும் நம்பிவிடுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால், ஆளை ஆராய்ந்து நம்புவது நம் மரபுக்குப் புதிதன்று. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று 51-ஆம் அதிகாரமே இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் இலக்கணம் தொடங்கும் முன்பே, யாரிடம் கற்கலாம், யாரிடம் கற்கக்கூடாது என்று வகுத்திருக்கிறார். நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் தராசையும் மலரையும் ஒப்புமை காட்டுகிறார். பொறுமை, உறுதி, நடுநிலை, இனிமை என்று நாம் கொள்ளலாம்.

ஆசிரியர் ஆகாதவருக்கும் நான்கு ஒப்புமைகள் சொல்கிறார். கழற்காய்களைப் போட்டு வைத்த குடம், போட்ட வரிசையில் திருப்பித் தராது. முன்னுக்குப் பின் குழப்பிப் பேசுகிறவர் அந்த வகை. கறுக்கு மட்டை சூழ்ந்த பனை, யாரையும் ஏற விடாது, தானாக விழும் பழத்தை மட்டும் தரும். கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறவர் அந்த வகை. பஞ்சு அடைத்த குடுவை, சிறிது சிறிதாகத்தான் தரும். அடுத்த நிலை, அதற்கு அடுத்த நிலை என்று விற்றுக்கொண்டே போகிறவர் அந்த வகை. வளைந்த தென்னை, நீர் ஊற்றி வளர்த்தவனை விட்டு வேலிக்கு அப்பால் காயைப் போடும். உங்கள் பணத்தில் வளர்ந்து வேறு யாருக்கோ பயன்படுகிறவர் அந்த வகை. இன்றைய தங்கும் விடுதிப் பயிற்சிகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்துகிறது.

இனி, பணம் கட்டும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன். தயவுசெய்து எழுதிக் கொள்ளுங்கள்.

முதலாவதாக, உங்களையே கேளுங்கள். என் பிள்ளைக்குத் தேவை பாட ஆசிரியரா, ஆலோசகரா, பயிற்றுநரா? அதைவிட முக்கியம், பிள்ளைக்கு விருப்பம் உண்டா? இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தால் எந்தப் பயிற்றுநராலும் பயனில்லை.

இரண்டாவதாக, அவர் எங்கே பயிற்சி பெற்றார், எத்தனை மணி நேரம் பெற்றார் என்று கேளுங்கள். நான் சொன்ன அனைத்துலகச் சம்மேளனத்தின் முதல் நிலைச் சான்றுக்கே குறைந்தது 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரப் பணி அனுபவமும் வேண்டும். இரண்டாம் நிலைக்கு 125 மணியும் 500 மணியும், மூன்றாம் நிலைக்கு 200 மணியும் 2,500 மணியும் வேண்டும். சான்று இருப்பதாகச் சொன்னால், கொடுத்த அமைப்பிடமே சரிபார்க்கலாம். சான்றிதழ் இல்லாத நல்லவர்களும் உண்டு. ஆனால் இருப்பதாகப் பொய் சொல்லும் நல்லவர் இருக்க முடியாது.

மூன்றாவதாக, உங்கள் பிள்ளையின் நிலையில் இருந்த எவரோடு இதற்கு முன் வேலை செய்திருக்கிறார் என்று கேளுங்கள். அவர்களில் இருவரோடு, அவர்கள் சம்மதித்தால், நீங்களே பேசிப் பாருங்கள். மேடையில் அழுது சாட்சி சொல்கிறவர்களைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.

நான்காவதாக, ஒரு முன்னோட்டச் சந்திப்புக் கேளுங்கள். அதில் யார் அதிகம் பேசுகிறார் என்று கவனியுங்கள். அவரே பேசிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஐந்தாவதாக, எத்தனை சந்திப்பு, எவ்வளவு நேரம், மொத்தக் கட்டணம் எவ்வளவு, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரசீதில் நிறுவனப் பதிவு எண்ணும் முகவரியும் இருக்க வேண்டும். அந்த எண்ணை மலேசிய நிறுவன ஆணையத்தில் சரிபார்க்கலாம்.

ஆறாவதாக, பிள்ளை சொல்வதை அவர் யாரிடம் சொல்வார் என்று கேளுங்கள். நல்ல பயிற்றுநர் ரகசியம் காப்பார். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரிவிப்பேன் என்று முன்கூட்டியே சொல்வார். பயிற்றுநர் சிறாரோடு கதவை மூடிக்கொண்டு தனியே இருப்பதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

ஏழாவதாக, "இது உங்களால் முடியாத வேலை என்று எப்போது சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். எல்லாவற்றையும் தீர்ப்பேன் என்பவரை நம்பாதீர்கள். இத்தனை 'ஏ' வாங்கித் தருவேன், இவ்வளவு சம்பளம் வாங்கித் தருவேன் என்று உத்தரவாதம் கொடுப்பவரையும் நம்பாதீர்கள். தேர்வு எழுதப் போகிறவர் அவரில்லை.

எட்டாவதாக, இன்றே கட்டினால்தான் இந்த விலை என்று யார் சொன்னாலும், நாளை வருகிறேன் என்று சொல்லி வீட்டுக்குப் போங்கள். ஓர் இரவு தூங்கி எழுந்து முடிவு செய்யுங்கள். இந்த ஒன்றை மட்டும் நான் அந்தத் தாயிடம் சொல்லியிருந்தால் அவருடைய சங்கிலி போயிருக்காது.

பணம் கொடுப்பதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதையும் தேடுங்கள். இடைநிலைப்பள்ளியில் வழிகாட்டி ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார். அவரைப் போய்ப் பார்க்கும் பெற்றோர் நம்மில் குறைவு. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இலும், பிடி3 தேர்வு 2022-இலும் ரத்து செய்யப்பட்டன. பிள்ளை பின்தங்குவது முன்பு போல் தேர்வு முடிவில் தெரிந்துவிடாது. நாமே பள்ளிக்குப் போய்க் கேட்டால்தான் தெரியும். வேலை செய்யும் இளைஞர்கள் தங்கள் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் விசாரியுங்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களைக் கொண்ட பல துறை முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகத்திற்கு லெவியாகச் செலுத்துகிறார்கள். தொழிலாளர் பயிற்சிக்காகத்தான் அந்தப் பணம். அது உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படுவதன்று.

நம் சமூகத்திற்குள்ளேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா, பல்கலைக்கழக மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். தோட்டத்திலிருந்து படித்து மேலேறிய அண்ணனும் அக்காளும் அடுத்து வரும் தம்பி தங்கைகளுக்குக் கைகொடுக்கும் முறை அது. அலங்கார மேடை தேவைப்படவில்லை. வாரந்தோறும் தவறாமல் வந்து உட்காரும் ஆள்தான் தேவைப்பட்டது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வாய் மூடிக்கொள்ளாதீர்கள். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே மனுவாகக் கொடுக்கலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் யார் மேல் மனு என்று பெயரும் முகவரியும் வேண்டும். அதனால்தான் ரசீதைப் பற்றி இவ்வளவு வலியுறுத்தினேன்.

இறுதியாக, செயலவைக்கு மூன்று வேண்டுகோள்கள். இனி நம் மண்டபத்தில் யார் பேச வந்தாலும், முதலில் இந்த எட்டுக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குவோம். ஆலய வளாகத்தில் கட்டணப் பயிற்சிக்குப் பெயர் எழுதும் மேசையை அனுமதிக்கக் கூடாது, நன்கொடை எவ்வளவு கொடுத்தாலும் சரி. மூன்றாவதாக, நம்மிடையே ஓய்வு பெற்ற தொழிலாளர்கள், தாதியர், ஆசிரியர், பொறியியலாளர் இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், கதவு திறந்த மண்டபத்தில், ஒரு பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து கேட்கத் தயாராக இருப்பவர்கள் பெயர் கொடுங்கள். அறிவுரை சொல்வதற்கு ஆள் தேவையில்லை, அதற்கு நானே போதும். கேட்பதற்குத்தான் ஆள் தேவை. நானும் இந்த வயதில் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாய் இன்று இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். அம்மா, அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். உங்கள் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி யார் என்னிடம் "கட்டலாமா சார்?" என்று கேட்டாலும், "வாங்கம்மா, முதல்ல உட்காருங்க, அந்த எட்டுக் கேள்வியையும் கேட்டுட்டீங்களா?" என்றுதான் தொடங்குவேன்.